பன்னெண்டு விழுந்தா தலை

அத்தை மகனக் கட்டுனவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. மத்தவங்களும் கேக்கலாம், தப்பில்ல. நம்ம வயசுப் பொம்பளைக நாலு பேரு கூடினா மூட்டு வலியில ஆரம்பிச்சு மருமகள்ல போயி முடிப்போம். நான் இன்னைக்குப் பொம்மையில ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்கடி. ஒரு பொம்மைதான் எனக்கு மாப்பிள்ளை பாத்துச்சு.

எனக்கு அப்ப பதிமூணு வயசு. முழுப்பரிச்சை முடிஞ்ச லீவு. கோச்சடையில எங்க வீட்டுக்கு மாடி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல ஆத்து மணல் குமிஞ்சு கெடக்கும். அதுக்கு அங்கிட்டு ஜல்லி, இங்கிட்டு செங்கல் அடுக்கு. வேப்ப மரத்துல சாத்தி வச்ச கம்பிய மத்தியானம் தொட்டா கை பொத்துப்போகும். சிமெண்டுத் தூசி சோத்துல, தலையில, பாயில. அந்த வாசன இன்னைக்கும் எங்கயாச்சும் வீடு கட்டுற பக்கம் போனா அப்பிடியே தொண்டையில வந்து நிக்கும். எனக்கு ஆகவே ஆகாது.

அந்த லீவுக்குத்தான் சிங்கப்பூர்ல இருந்த எங்கம்மா கூடப்பொறந்த மாமா வந்தாரு. பெட்டியத் தொறந்தா சோப்பு, தைலம், கைலி. எனக்கு ஒரு நெயில் பாலிஷ் செட்டு. சின்னச் சின்ன சீசாவா ரெண்டு வரிசை. செவப்பு மட்டும்தான் நெயில் பாலிஷ்னு நெனச்சுக்கிட்டு இருந்தவளுக்கு நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளியெல்லாம் இருந்துச்சு. "கறுப்ப எவடா நகத்துல பூசுவா?"ன்னு அம்மா வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டப் போச்சு. அழுது புடுங்கிக்கிட்டேன்.

எங்கண்ணனுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அட்டைப் படத்துல மலை ஒசரத்துக்கு ஒரு இரும்பு மனுசன் நிக்கிறான். அவன் கால்மாட்டுல வீடெல்லாம் தீப்பெட்டி கணக்கா கெடக்கு. மார்புல ஒரு கண்ணாடி ஜன்னல், அதுக்குள்ள எள்ளுப் போல ஒரு ஆள் உக்காந்து அதை ஓட்டுறான். நீலமும் செவப்பும், வெயில் பட்ட மாதிரி அங்கங்க வெள்ளையும். யாத்தே, அந்தப் படத்த நான் பாத்த மாதிரி எந்தச் சாமி படத்தையும் பாத்ததில்ல.

பெட்டியத் தொறந்தா உள்ள எல்லாம் சாம்பக் கலர். பிளாஸ்டிக் சட்டத்துல கை தனியா, கால் தனியா, தலை தனியா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. எங்கப்பா எடுத்துப் பாத்துட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "என்ன மச்சான், பாதி வேலையில உன் தலையில கட்டிட்டானா? மாட்டவும் இல்ல, பெயிண்டும் அடிக்கல!"ன்னாரு. மாமா மூஞ்சி செத்துப்போச்சு. அதை நாமளே மாட்டணும், நாமளே வண்ணம் தீட்டணும், அதுதான் அந்த வெளையாட்டுன்னு அவருக்கும் தெரியல, எங்கப்பாவுக்கும் தெரியல. அடுத்த தடவ வந்தப்ப அவரு வெறும் பிஸ்கெட்டு மட்டும் கொண்டாந்தாரு.

அந்த நேரம் பாத்து பரவையில இருந்து எங்கத்தை வந்துச்சு. அப்பாவுக்கு அக்கா. கூட அவுக மகன். என் அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே வயசு, எனக்கு ரெண்டு வயசு மூப்பு. "என் மகனுக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு அத்தை மொகத்தத் தூக்கவும், அப்பா ஆளுக்குப் பாதின்னு பிரிச்சு விட்டுட்டாரு. பெட்டியில மொத்தம் பன்னெண்டு இரும்பு மனுசன், ஆளுக்கு ஆறு. 'மெஷின்'னுதான் ரெண்டு பேரும் சொல்லுவாங்க. எனக்கு யாரும் பங்கு கேக்கல. நானும் கேக்கல. அன்னைக்குக் கேக்கணும்னே எனக்குத் தோணல பாருங்க, அதை நெனச்சா இப்ப வயிறு எரியுது.

பெட்டிக்குள்ள ஒரு ரூல் புஸ்தகம் இருந்துச்சு. பாதி இங்கிலீசு, மீதி சீனமோ ஜப்பானோ. அண்ணன் எழுத்துக் கூட்டிப் பாத்துட்டு, "மாப்ள, இது நமக்கு ஆகாது"ன்னான். அப்புறம் ரெண்டு பேருமா எங்க வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையத் தூக்கிட்டு வந்து அவங்களே ரூல் போட்டாங்க. மணக்குமிதான் மலை. அரைச் செங்கலு கோட்டை. விழுற எண்ணுக்கு அம்புட்டு விரக்கடை நகரலாம். எதிரி மெஷின் பக்கத்துல போயி நின்னு தாயம் போட்டா அடி. அடி எங்க விழுந்துச்சுன்னு மறுபடி ஒரு உருட்டு. ரெண்டுன்னா கை. மூணுன்னா கால். பன்னெண்டு விழுந்தா தலை. வேற எது விழுந்தாலும் மெஷின் தப்பிச்சுச்சு.

மொத நாளே சண்டை வந்துருச்சு. அண்ணனோட மெஷினுக்குக் கையில அடி. கொஞ்ச நேரங்கழிச்சு அண்ணன், "எப்படா அடிச்ச?"ன்னு சாதிக்கிறான். அத்தை மகன் எந்திரிச்சுப் போயி ஒயரிங் வேலைக்கு வச்சிருந்த கட்டிங் பிளேயர எடுத்தாந்தான். அண்ணன் மெஷின வாங்கி, தோள்பட்டையில பிளேயர வச்சு டக்குனு கைய வெட்டிட்டான்.

"இப்ப ஞாபகம் இருக்கும்ல மாப்ள?"

அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா அடுத்த உருட்டுலயே அத்தை மகனோட மெஷின் ஒண்ணுக்கு அடி விழுந்துச்சு பாருங்க, பிளேயர வாங்கி அண்ணனும் வெட்டினான். வெட்டிட்டுச் சிரிச்சான். அதுலருந்து அதுதான் சட்டம். கையில அடின்னா கைய நெசமாவே வெட்டணும். வெட்டின கை காலு குப்பைக்கு. தலை மட்டும் ஜெயிச்ச ஆளுக்கு.

அத்தை மகன் வெட்டுறப்ப அவன் மொகத்தப் பாக்கணும். வெரசா வெட்ட மாட்டான். பிளேயர வச்சு, கொஞ்சம் அழுத்தி, பிளாஸ்டிக்கு வெளுத்துப்போற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் வெட்டுவான். ஆத்தங்கரையில ஓணானப் புடிச்சாலும் அப்பிடித்தான். "ஆம்பளப் பிள்ளைன்னா அப்பிடித்தான் துறுதுறுன்னு இருப்பான்"னு அத்தை சொல்லும். எங்கம்மா தலையாட்டும்.

ரெண்டு நாள்ல அவங்களுக்கு சாம்பக் கலர் சலிச்சுப்போச்சு. எது யாரோடதுன்னே தெரியல. என் நெயில் பாலிஷ் அப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைக மாதிரி வந்து நின்னாங்க.

"ஏய், அந்தக் கலரக் கொஞ்சம் குடு."

"குடுக்க மாட்டேன். நானே அடிச்சுத் தாரேன். என்னையும் ஆட்டத்துல சேத்துக்கங்க."

"பொட்டப்பிள்ளைக்கு இதுல என்ன சோலி?"ன்னான் அண்ணன்.

அத்தை மகன் கொஞ்சம் யோசிச்சான். பொட்டியத் தூக்கி அந்தப் படத்தக் காமிச்சான். "பன்னெண்டுக்கும் பெயிண்ட் அடி. என் படைக்குத் தலைவனா வச்சிருக்கேன்ல கமாண்டரு, அத மட்டும் அச்சு அசலா இந்தப் படம் மாதிரி அடிச்சுட்டேன்னா, கடைசி ஆட்டத்துல உன்னையச் சேத்துக்கிறேன். சத்தியம்."

"அம்மா மேல?"

"எங்கம்மா மேல."

அம்புட்டுத்தான் பேச்சு. நான் கேட்டது அந்த ஒரு ஆட்டம். அதுக்காகத்தான் அந்த மே மாசம் பூராவும் முதுகு வளைஞ்சேன். இதை நல்லா மனசுல வச்சுக்கங்க, பின்னாடி இதைத்தான் எல்லாரும் மாத்திச் சொல்லுவாங்க.

மொத மெஷின நாசமாக்கிட்டேன். நெயில் பாலிஷ அப்பிடியே அப்பினா பிளாஸ்டிக்கு இளகுது. மூஞ்சி வெல்லப்பாகு மாதிரி வழிஞ்சு, என் விரல் ரேகை அதுல பதிஞ்சு போச்சு. அத்தை மகன் அதைப் பாத்துட்டு என் பின்னல சுத்திப் பிடிச்சு, "அடுத்தது இப்பிடி ஆச்சு, இதுல பாதி இருக்காது"ன்னு பிளேயரக் காமிச்சான். அண்ணன் பக்கத்துல நின்னு பல்லக் காட்டுனான்.

அழுதுட்டுப் பாத்தா, காஞ்ச பெறகு அந்த இளகின இடம் சொரசொரன்னு இருக்கு. கொல்லுப் பட்டறையில கெடக்குற வார்ப்பு இரும்பு கணக்கா. அடி ஆத்தீ, இதுதான வேணும்! அப்புறம் வேணும்னே மெல்லிசா தொட்டுத் தொட்டு இளக விட்டேன். என் பின்னல் நுனியில நாலு முடி வெட்டி, வெளக்கமாத்துக் குச்சியில நூல் வச்சுக் கட்டினா பிரஷ்ஷு. இடுக்குல கண்மையத் தடவி மேலாப்புல துணியால தொடச்சா, பழைய அழுக்கு ஏறின மாதிரி பள்ளமும் மேடும் எந்திரிச்சு நிக்கும். துருவுக்கு செங்கப்பொடி. தோள்ல ஒட்டுறதுக்கு தீப்பெட்டிப் படத்துல இருந்து சேவலும் கப்பலும். எனக்கு யாரும் சொல்லித் தரல. கை தானாப் போச்சு.

கை போன மெஷினெல்லாம் என்கிட்ட வரும். "ஏதாச்சும் வச்சுக் குடு"ம்பாங்க. பேனா ஸ்பிரிங்க வச்சு முழங்கை, கொடைக்கம்பிய நறுக்கித் துப்பாக்கி, சைக்கிள் பால்ஸ வச்சு முட்டி. வெட்டு வாங்க வாங்க ஒவ்வொண்ணும் ஒரு தினுசா ஆகிக்கிட்டே வந்துச்சு. குப்பைக்குப் போற கை காலையெல்லாம் பொறுக்கி ஒரு காலிப் பவுடர் டப்பாவுல போட்டு வச்சேன். டப்பா நெறஞ்ச அன்னைக்கு அதக் கொட்டிப் பாத்தேன். ஒரு முழு ஆளு இருந்துச்சு அதுக்குள்ள. ரெண்டும் எடக்கை. ஒரு காலு நீலம், ஒரு காலு பச்சை. தலைக்கு, அன்னைக்கு மூஞ்சி வழிஞ்சு போச்சே, அந்த மெஷினோட தலையையே கேட்டு வாங்கினேன். "அந்த அசிங்கத்த நீயே வச்சுக்க"ன்னு அவனே பிச்சுப் போட்டான்.

ஒட்டுக்காரின்னு பேரு வச்சேன். அவ நின்னா ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நிப்பா. என் விரல் ரேகை அவ கன்னத்துல இருந்துச்சு. நெயில் பாலிஷ விட்டா, எனக்குன்னு அந்த வீட்டுல இருந்த ஒரே பொருள் அவதான்.

கமாண்டருக்கு ஒரு வாரம் ஆச்சு. சாப்புடக் கூப்ட்டா போறதில்ல. நீலத்துல வெள்ளையக் கலந்து, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் வெள்ளையக் கலந்து, வெயில் விழுற எடமெல்லாம் அந்தப் படத்தப் பாத்துப் பாத்து வச்சேன். கண்ணாடி ஜன்னலுக்குள்ள இருக்குற ஆளுக்குக் கண்ணு வைக்கிறதுக்கு மூச்ச அடக்கிக்கிட்டு இருந்தப்பதான் அத்தை வந்து நின்னுச்சு.

"யாருக்குத்தா இது?"

"மச்சானோடது அத்தை."

அத்தை அப்பிடியே அடுப்படிக்குப் போனுச்சு. அங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "ஏத்தா, என் மருமகளப் பாரு. என் மகன் பொம்மைக்குச் சோறு தண்ணி இல்லாம மை தீட்டுறா. அண்ணன் பொம்மைக்கெல்லாம் ஏனோதானோ, அவனோடதுக்குன்னா உசுர விடுறா." எங்கம்மா குரல்ல இருந்த சந்தோசம்! "எல்லாம் ரத்த சம்பந்தம் மதினி. தானா வரும்ல." எனக்கு அப்ப அது என்னமோ பேச்சுன்னு இருந்துச்சு. கருவிழிக்குக் கறுப்பு வைக்கிற அவசரத்துல இருந்தேன்.

கமாண்டரப் பாத்து அவனே வாயப் பொளந்துட்டான். படத்தையும் மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தான். குறை சொல்ல ஒண்ணும் கெடைக்கல. "சரி, நீயும் வா"ன்னான்.

கடைசி ஆட்டம் நடந்தது எங்க மாடிக்கு காங்கிரீட் போட்ட அன்னைக்கு. சொந்த பந்தம் பூராவும் வந்திருந்துச்சு. கலவை மெஷினு கடகடன்னு சத்தம். சித்தாளுக வரிசையா நின்னு, கலவைச் சட்டி கைக்குக் கை மாறி ஏணி வழியா மேல போயிக்கிட்டே இருக்கு. வடையும் காப்பியும் ஒரு பக்கம். சாயந்தரம் அத்தையும் மகனும் பரவைக்குக் கெளம்புறதா இருந்தாங்க. நாங்க வேப்ப மரத்தடி மணல்ல. ஆளுக்கு ஒரு மெஷின். அண்ணன் ஒண்ணு, அவன் கமாண்டரு, நான் ஒட்டுக்காரி.

காப்பி டம்ளரோட அப்பா, அத்தை, மாமா, கொத்தனாருகூட வந்து சுத்தி நின்னுட்டாங்க. அண்ணனோட தலை வெரசாவே போயிருச்சு. அத்தை மகன் வழக்கம்போல மெதுவா வெட்டி, தலையச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். எல்லாருங் கை தட்டினாங்க. எப்பவும் கமாண்டரப் பின்னாலயே பத்திரமா நிப்பாட்டி வச்சிருக்கறவன், அன்னைக்குக் கூட்டத்தப் பாத்ததும் நேரா ஒட்டுக்காரிக்கு முன்னாடி கொண்டாந்து நிப்பாட்டுனான். அடிச்சான். கை போச்சு. என்னையப் பிடிச்சுக்கச் சொல்லி வெட்டுனான். பிளாஸ்டிக்கு வெளுக்குறத நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

எனக்கு உருட்டு. தாயம்.

"அடிச்சுட்டாடா!"ன்னு எங்க மாமா கத்துனாரு. மறுபடி உருட்டணும். கட்டைய ரெண்டு கையிலயும் வச்சுத் தேச்சேன். உருட்டுனேன். ரெண்டு கட்டையும் மொட்டையா விழுந்துச்சு. பன்னெண்டு.

அண்ணன்தான் பிளேயர எடுத்து என் கையில குடுத்தான். அவனுக்கும் ஆசைதான், அவன் தலை போயிருச்சுல்ல. நான் கமாண்டர எடுக்கக் கை நீட்டுனேன். அத்தை மகன் அதத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டான்.

"இது கணக்கில்ல."

"பன்னெண்டு மச்சான். எல்லாரும் பாத்தாக."

"பெயிண்டு அடிக்கிறவளுக்கெல்லாம் தலை கெடையாது. சும்மா சேத்துக்கிட்டோம், அம்புட்டுத்தான்."

"சத்தியம் பண்ணுனீகல்ல! அத்தை, உங்க மேல சத்தியம் பண்ணுனாக!"

அத்தை என் கன்னத்தத் தடவுச்சு. "விட்டுக் குடு ஆத்தா. நாளைக்கு வாழப்போற வீடு. இப்பவே தலைய வெட்டுறேன்னு நின்னா எப்பிடி?" கூட்டம் பூராவும் சிரிப்பு. எங்கப்பாவும் சிரிச்சாரு. கொத்தனாரும் சிரிச்சாரு. நான் அப்பாவப் பாத்தேன், "நீங்க சொல்லுங்கப்பா"ன்னு. அவரு, "பொம்பளப்பிள்ளை வீம்பு பிடிக்கக் கூடாது"ன்னு காப்பியக் குடிச்சாரு.

நான் விடல. பிளேயரோட அவன் மேல பாஞ்சேன். அவன் ஒரு கையால என்னையத் தள்ளிட்டு ஒட்டுக்காரிய எடுத்தான். ஜல்லி மேல வச்சுச் செருப்பால ஒரு மிதி. மிதிச்சு, திருகி, மிச்சத்த அள்ளி, அந்தப் பக்கம் போன கலவைச் சட்டியில போட்டான். சித்தாளு, "ஏப்பா, என்னமோ விழுந்துருச்சு"ன்னா. கொத்தனாரு, "விடு விடு, கம்பியோட கம்பியாக் கெடக்கட்டும்"னாரு. அந்தச் சட்டி ஒவ்வொரு கையா மாறி மேல போறத நான் பாத்தேன். எந்தச் சட்டின்னு எனக்குத் தெரியும். மேல கொட்டுனாங்க.

நான் மணல்ல விழுந்து பொரண்டு அழுதேன். இப்ப கேளுங்க, இதுதான் முக்கியம். எங்கத்தை என்னையத் தூக்கி நிப்பாட்டி, கூட்டத்தப் பாத்துச் சொல்லுச்சு: "பொம்மைக்கா அழுகுறா? மச்சான் ஊருக்குப் போறான்னு அழுகுறா!"

யாத்தே, அந்தச் சிரிப்பு. இன்னைக்கும் காதுல இருக்கு. எங்கம்மா முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு. "இல்ல, இல்ல"ன்னு நான் கத்தக் கத்த, "வெக்கத்தப் பாரு"ன்னாங்க. அன்னைக்குச் சாயந்தரமே அப்பாவும் அத்தையும் வெத்தலை மாத்தாத கொறையாப் பேசி முடிச்சுட்டாங்கன்னு எனக்கு ரொம்ப வருசங்கழிச்சுத்தான் தெரியும்.

அவன் அவரு ஆன கதைய இழுக்க விரும்பல. நான் காலேஜு முடிச்ச வருசம் தட்டு தூக்கிட்டு வந்துட்டாங்க. "வேண்டாம்"னு அம்மாகிட்டச் சொன்னேன். "சின்னதுல இருந்தே உனக்கு அவன்னா உசுருதானடி. ஊருக்கே தெரியும்"னுச்சு. அப்பாகிட்டச் சொன்னேன். "அன்னைக்கு அவன் ஊருக்குப் போறான்னு பொரண்டு அழுத பிள்ளைதான நீ?"ன்னாரு. நெசமாவே அப்பிடித்தான் நம்புனாரு மனுசன். அண்ணன்கிட்ட, "உனக்குத் தெரியும்ல, நீ பாத்தேல்ல, நீயாச்சும் சொல்லு"ன்னு கெஞ்சினேன். "ஒரு பொம்மைக்காகவா மாப்பிள்ளைய வேண்டாங்குற? கிறுக்கி"ன்னான். கல்யாணம் எங்க வீட்டு மாடியிலதான் நடந்துச்சு. மணவறையில உக்காந்து, தலைக்கு மேல இருந்த காங்கிரீட் தளத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒட்டுக்காரி எனக்கு நேர் மேலதான் இருந்தா.

அவரு அடிக்க மாட்டாரு. குடிக்க மாட்டாரு. ஊருல நல்ல பேரு. ஆனா அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர விட்டுப் போகல. வாத்தியார் வேலைக்குப் பரிச்சை எழுதிப் பாஸாகி ஆர்டர் வந்துச்சு எனக்கு. எழுதச் சொன்னதே அவருதான். வந்த ஆர்டரப் பாத்துட்டு, "சும்மா எழுதச் சொன்னேன். இதெல்லாம் கணக்கில்ல"ன்னாரு. மத்தவங்களுக்கெல்லாம் சட்டம் உண்டு. அவருக்கு மட்டும் கணக்கில்ல.

ஒத்தக்கடையில நாங்க வீடு கட்டுனப்ப ஹால்ல கண்ணாடி வச்ச ஷோகேஸ் ஒண்ணு போட்டாரு. நடுத் தட்டுல கமாண்டரு. மத்த பதினொண்ணும் எங்க போச்சோ தெரியல, இதை மட்டும் பஞ்சுல சுத்தி வச்சிருந்திருக்காரு. யாரு வந்தாலும் அந்தக் கதைதான். "இது என் வீட்டுக்காரி பதிமூணு வயசுல எனக்காக அடிச்ச பெயிண்டு. என் மேல அம்புட்டு ஆசை அவளுக்கு." வந்தவங்க என்னையப் பாத்துச் சிரிப்பாங்க. நான் காப்பி குடுப்பேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதைத் தொடைக்கிறதும் நான்தான். ஒரு குறை சொல்ல முடியாதுடி. நல்லாத்தான் அடிச்சிருந்தேன்.

போன மாசம் அவரு தங்கச்சி வந்துச்சு, மகனக் கூட்டிக்கிட்டு. என் மக இஞ்சினியரிங் மூணாவது வருசம். அந்தப் பையனும் அதான், வேற காலேஜு. அவனுக்கு ஏதோ பிராஜெக்ட்டு வேலை செய்யல. என் மக ரெண்டு நாளா அதுக்கு சால்டர் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மூக்குல புகை ஏறி கண்ணு செவந்து போச்சு. பாவம், அவளுக்கு அந்த மாதிரி வேலைன்னா சோறு வேண்டாம்.

நாத்தனா ஹால்ல உக்காந்து அவளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்காரரப் பாத்துச் சொல்லுச்சு: "பாத்தீகளாண்ணே, மச்சானுக்காக எப்பிடி உருகுறா?"

என் கையில காப்பித் தட்டு இருந்துச்சு. கீழ வச்சேன்.

என் மக நிமிந்து பாத்தா. "அத்தை, அவன் கெஞ்சினான், அதான் செய்யிறேன். எனக்கு இந்த சர்க்யூட்டு பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

"வெக்கப்படுறா"ன்னு நாத்தனா சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே ஷோகேஸக் காமிச்சு ஆரம்பிச்சாரு. "இவ அம்மா மட்டும் என்ன? அந்தக் காலத்துல எனக்காக..."

நான் அடுப்படிக்குப் போனேன். டிராயர்ல ஸ்குரூ டிரைவரோட ஒரு கட்டிங் பிளேயர் கெடக்கும். எடுத்துக்கிட்டு வந்தேன். ஷோகேஸத் தொறந்தேன். கமாண்டர வெளிய எடுத்தேன். அவரு, "என்ன, தூசியா இருக்கா?"ன்னாரு. கழுத்துல பிளேயர வச்சேன். வெரசா வெட்டல. கொஞ்சம் அழுத்தி, பிளாஸ்டிக்கு வெளுக்குற வரைக்கும் காத்திருந்தேன். அவரு என் கையப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு. அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுச்சு. "ஏய், ஏய்"னு எந்திரிக்கிறதுக்குள்ள டக்.

நாத்தனா வாயில கை வச்சுருச்சு. அவரு தலையில்லாத கமாண்டரக் கையில வாங்கிட்டு அப்பிடியே சோபாவுல உக்காந்துட்டாரு. அம்பது வயசு மனுசன். எங்கத்தை செத்தப்பகூடக் கல்லு மாதிரி நின்னவரு. குலுங்கிக் குலுங்கி அழுதாரு. "முப்பத்தஞ்சு வருசமா வச்சிருந்தேனே"ங்கிறாரு. எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? நல்லா இருந்துச்சு. எங்கத்தை உசுரோட இல்லையேன்னு மட்டும் ஒரு கொறை. இருந்திருந்தா, அவரு எதுக்கு அழுகுறாருன்னு கூட்டத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கும்.

நாத்தனா மகனக் கூட்டிக்கிட்டுக் காப்பிகூடக் குடிக்காமக் கெளம்பிருச்சு. வாசல்ல செருப்ப மாட்டும்போது, "இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா வெளங்கும்"னுச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

என் மக சால்டரக் கீழ வச்சுட்டு என்கிட்ட வந்தா. பயந்துட்டா பிள்ளை. "என்னம்மா இது? எதுக்கும்மா?"ன்னா.

தலை என் உள்ளங்கையில இருந்துச்சு. அந்த ஒரு வாரம் நான் வச்ச வெள்ளை அப்பிடியே இருந்துச்சு.

"பன்னெண்டு விழுந்துச்சுத்தா"ன்னேன். "உங்கப்பா போட்ட சட்டந்தான்."